பழைய கிராமபோன் பெட்டி: மேலே இருப்பது அசல் மெருகா, மறுபாலிஷா?

பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு கிராமபோன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுத்துப் போன மரப்பெட்டி. மூடியின் மேல் பாம்புச் சட்டை மாதிரி வெடிப்பு. ஓர் ஓரத்தில் எப்போதோ வைத்த சந்தனப் பொட்டின் கறை. வீட்டில் உள்ளவர்கள் முதலில் என்ன சொல்வார்கள்? "ஆசாரியைக் கூப்பிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பாலிஷ் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்!"

ஆகத்தான் செய்யும். இரண்டு மூன்று நாள் வேலை. பெட்டி பளபளவென்று வந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டி எப்போது செய்யப்பட்டது, எங்கே இருந்தது, யார் கை பட்டது என்று சொல்லக்கூடிய சாட்சி ஒன்று அந்த மூன்று நாளில் தூசியாகப் போய்விடும். அந்தச் சாட்சிதான் மரத்தின் மேல் இருந்த பழைய மெருகு.

பழம்பொருள் சேகரிப்பவர்கள் கிராமபோனைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "மேல்பூச்சு அசலா, பிறகு அடித்ததா?" என்பது. வெளிநாட்டு ஏலங்களில் விலையே இதனால் மாறும். விலையை விடுங்கள். மதுரை, மேலூர், திருமங்கலம், காரைக்குடி பக்கத்து வீடுகளில் மிச்சமிருக்கும் பெட்டிகளைப் பொறுத்தவரை இது வரலாற்றுக் கேள்வி. எப்படி என்று பார்ப்போம்.

பெட்டி வந்த கதை

1877ல் தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராபைக் கண்டுபிடித்தார். அதில் ஒலி உருளையின் மேல் பதிவானது. பத்து வருடம் கழித்து, 1887ல், எமில் பெர்லினர் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் கிராமபோன். நம் ஊர் மக்களுக்கு உருளையும் தட்டும் ஒன்றுதான், எல்லாமே "பாட்டுப் பெட்டி".

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கவுஹர் ஜான் போன்றவர்களின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய், அங்கே தட்டாக அச்சாகித் திரும்பி வந்தன. 1908ல் கல்கத்தாவின் சியால்டா பகுதியிலேயே தொழிற்சாலை வந்த பிறகுதான் தட்டுகள் இங்கேயே உருவாயின.

தெற்கே கிராமபோனை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் நாடக மேடைக்குப் பெரிய பங்கு உண்டு. எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் பாட்டுகளைக் கொட்டகையில் கேட்டவர்கள் வீட்டிலும் கேட்க விரும்பினார்கள். மதுரையில் பிறந்து வளர்ந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926ல் வெளிவந்தபோது அவருக்கு வயது பத்துதான். இந்தப் பக்கம் காரைக்குடியில் ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டுகள் விற்றார்கள். அவருடைய மகன்தான் ஏ.வி.மெய்யப்பன். 1930களின் தொடக்கத்தில் சென்னை சென்று சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரத்தை வளர்த்து, பிறகு சினிமாவுக்குப் போய் ஏ.வி.எம். ஆனவர். அதாவது ஏ.வி.எம். ஸ்டுடியோவின் வேர் ஒரு கிராமபோன் தட்டுக் கடையில் இருக்கிறது!

தட்டு விற்ற ஊரில் பெட்டி இல்லாமல் இருக்குமா? வந்த பெட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வெளியே பெரிய குழல் வைத்தவை. 1906ல் விக்டர் கம்பெனி கொண்டுவந்த விக்டரோலா மாதிரி, குழலைப் பெட்டிக்குள்ளேயே மறைத்தவை. பிறகு கையில் தூக்கிக்கொண்டு போகும் சூட்கேஸ் வகை. 1931ல் வந்த எச்.எம்.வி. 102 இந்த மூன்றாம் வகையில் புகழ் பெற்றது. அதன் மேல் ஒட்டியிருப்பது தோல் போன்ற துணி என்பதால் மர மெருகுக் கேள்வி அதற்குப் பொருந்தாது. இங்கே பேசப் போவது முதல் இரண்டு வகைகளைப் பற்றி.

பெட்டிக்கும் தட்டுக்கும் ஒரே தாய்

மெருகைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அரக்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிப்பதற்காகக் கட்டிய அரக்கு மாளிகை எல்லோருக்கும் தெரியும். அதே அரக்குதான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி தன்னை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின் அது. அதைச் சுரண்டி எடுத்து, உருக்கி, வடிகட்டி, மெல்லிய செதில்களாக ஆக்கினால் அவலரக்கு. ஆங்கிலப் பெயர் ஷெல்லாக். இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிக் காடுகள் நெடுங்காலமாக உலகத்துக்கே இதை அனுப்பி வந்திருக்கின்றன.

இந்தச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டு மரத்தின் மேல் மெல்லிய படலங்களாகத் தேய்த்தால் அதுதான் பிரெஞ்ச் பாலிஷ். அதே செதிலோடு கல்தூளையும் கரியையும் கலந்து சூட்டில் அழுத்தினால் அதுதான் 78 சுழற்சி இசைத்தட்டு! தட்டில் தாதுத்தூள்தான் அதிகம் என்றாலும் அதையெல்லாம் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அரக்கு. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942ல், அமெரிக்க அரசு ஷெல்லாக் பயன்பாட்டுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தபோது இசைத்தட்டுத் தொழிலே ஆட்டம் கண்டது. பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள்.

ஆக, இந்தியக் காட்டில் ஒரு பூச்சி சுரந்த பிசின் கப்பலேறிப் போய், லண்டனிலோ நியூஜெர்சியிலோ ஒரு பெட்டியின் மேல் மெருகாகி, திரும்பவும் கப்பலேறி மதுரைக்கு வந்திருக்கிறது. உப்புத்தாள் போடுபவர் தேய்த்துத் தள்ளுவது இந்தப் பயணத்தைத்தான்.

எந்தக் காலத்தில் எந்தப் பூச்சு?

இது தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

1900 முதல் 1920களின் நடுப்பகுதி வரை வந்த பெட்டிகளில் பெரும்பாலும் ஷெல்லாக் இருக்கும், அல்லது பிசினை எண்ணெயில் காய்ச்சிய வார்னிஷ் இருக்கும், அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டும் இருக்கும். ஓக், மஹோகனி, வால்நட் ஆகிய மரங்கள் அதிகம். இந்தியாவில் விற்றவற்றில் தேக்குப் பெட்டிகளும் உண்டு.

1920களின் நடுவில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்தது. முதலில் மோட்டார் கார்களுக்குப் பயன்பட்டது. துப்பாக்கி மாதிரிக் கருவியால் பீய்ச்சி அடிக்கலாம், சீக்கிரம் காயும் என்பதால் மரச்சாமான் தொழிற்சாலைகளும் அதைப் பிடித்துக்கொண்டன.

இன்று பட்டறைகளில் சாதாரணமாக அடிக்கும் மெலமைன், பி.யூ. எனப்படும் பாலியூரிதேன் பாலிஷ் எல்லாம் இதற்குப் பல காலம் பின்னால் வந்தவை. 1912ல் செய்த பெட்டியின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெலமைன் படலம் இருந்தால் யோசிக்க ஒன்றுமே இல்லை. அது மறுபாலிஷ்தான்.

மதுரை வெயில் எழுதிய எழுத்து

ஷெல்லாக்குக்கு இரண்டு எதிரிகள்: சூடும் ஈரமும். சூட்டில் இளகும், ஈரத்தில் வெளுக்கும். மதுரைச் சமவெளியில் இரண்டுக்குமே குறைவில்லை. சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரம் சுவரெல்லாம் ஏறும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே உள்ள படலம் அதே அளவு நீளாது, சுருங்காது. வருடா வருடம் இந்த இழுபறி நடந்தால் படலம் வெடிக்காமல் என்ன செய்யும்? முதலில் முடி போல மெல்லிய கீறல்கள். பிறகு அவை சேர்ந்து முதலைத் தோல் மாதிரிக் கட்டம் கட்டமாக ஆகிவிடும்.

அதன் மேல் மனிதர்கள் எழுதியது வேறு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். "பளபளன்னு இருக்கட்டும்" என்று தேய்த்த தேங்காய் எண்ணெயும், அதில் ஒட்டிக் கறுத்த தூசியும். மண்ணெண்ணெய் விளக்கின் புகை. காபி டம்ளர் வைத்த வெள்ளை வட்டம். இங்கிலாந்தில் ஒரு வீட்டில் இருந்த பெட்டிக்கும் மதுரையில் இருந்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்தவையாகக்கூட இருக்கலாம்!

கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஐந்தாறு அடையாளங்கள் ஒரே பக்கம் கை காட்ட வேண்டும்.

1. கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷ் போடுபவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் கவனம் வைப்பார்கள். பெட்டியின் அடிப்பாகம், மூடியின் உள்விளிம்பு, மோட்டார் பலகையின் அடிப்பக்கம் இங்கெல்லாம் பழைய நிறம் தப்பிப் பிழைத்திருக்கும். வெளியே ஆரஞ்சு கலந்த பளபளப்பு, உள்விளிம்பில் பழுப்பு மங்கல் என்றால் சந்தேகப்படலாம்.

2. உலோகப் பாகங்களுக்கு அடியில் பாருங்கள். சாவித் துளைத் தகடு, கீல், குழலைத் தாங்கும் கம்பி இவற்றை மெதுவாகக் கழற்றினால் அடியில் வெளிச்சமும் கையும் படாத மெருகு இருக்க வேண்டும். அங்கே வெறும் மரம் இருந்தால், எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு யாரோ தேய்த்திருக்கிறார்கள். தகட்டின் ஓரத்தில் பாலிஷ் வழிந்து ஒட்டியிருந்தால், கழற்றாமலே மேலே அடித்திருக்கிறார்கள். இரண்டுமே மறுபாலிஷ்தான்.

3. முத்திரைப் படம். பல பெட்டிகளில் மூடியின் உட்புறமோ முன்புறமோ கம்பெனி முத்திரை ஒட்டுப்படமாக இருக்கும். அது மெருகோடு சேர்ந்தே வயதாகியிருக்க வேண்டும். மெருகு வெடித்திருந்தால் படத்திலும் அந்த வெடிப்பு தொடர வேண்டும். சுற்றிலும் வெடிப்பு, படம் மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி என்றால் படம் புதுசு. படமே இல்லாமல் அந்த இடத்தில் மங்கலான நிழல் மட்டும் இருந்தால், உப்புத்தாள் அதைச் சாப்பிட்டுவிட்டது.

4. விளிம்புகளும் செதுக்கு வேலையும். தொழிற்சாலையில் கூர்மையாக வெட்டிய விளிம்பு உப்புத்தாளில் மழுங்கிவிடும். மரத்தின் ரேகைக்குக் குறுக்கே மெல்லிய கீறல்கள் தெரியும். செதுக்கு வேலையின் குழிகளுக்குள் பழைய கறுப்பு மெருகு திட்டுத் திட்டாக மாட்டிக்கொண்டிருக்கும். பல பெட்டிகளில் உள்ளே சாதாரண மரம், மேலே மெல்லிய வெனீர். விளிம்பில் வெனீர் தேய்ந்து அடிமரம் எட்டிப் பார்த்தால் யாரோ அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

5. தேய்மானம் சரியான இடத்தில் இருக்கிறதா? கிராமபோனுக்குச் சாவி கொடுப்பவர் ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றுவார், இன்னொரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொள்வார். அந்த இரண்டு இடத்திலும் மெருகு தேய்ந்திருக்க வேண்டும். மூடியைத் தூக்கும் இடம், ஊசிக் கிண்ணத்தைச் சுற்றி ஊசி கீறிய தடம் இவையும் அப்படித்தான். எல்லா இடத்திலும் ஒரே சீராக "பழசாக" இருந்தால் அது காலம் செய்த வேலை அல்ல.

6. திருகாணி. நட்சத்திர வாய் வைத்த ஸ்க்ரூ 1930களின் நடுவில்தான் பரவத் தொடங்கியது. 1910ல் செய்த பெட்டியில் அது இருந்தால் யாரோ திறந்து வேலை செய்திருக்கிறார்கள். ஒற்றைக் கோட்டு ஸ்க்ரூவாக இருந்தாலும் அதன் வாய் சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

7. ஒரு சொட்டு ஸ்பிரிட். கண்ணுக்குத் தெரியாத மூலையில், பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரே ஒரு சொட்டு. ஷெல்லாக்காக இருந்தால் சில நொடிகளில் பிசுபிசுக்கும். எண்ணெய் வார்னிஷ் அவ்வளவு சுலபமாக அசையாது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் தின்னருக்கு இளகும். பாலியூரிதேன் எதற்கும் மசியாது. முத்திரைப் படத்தின் பக்கம் இதைக் கொண்டு போகவே கூடாது. விளக்கு, அடுப்பு பக்கத்திலும் கூடாது.

8. யூ.வி. விளக்கு. கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருப்பார்களே, அதே விளக்குதான். இருட்டறையில் காட்டினால் பழைய ஷெல்லாக் ஆரஞ்சு நிறமாக ஒளிரும். பிற்காலப் பூச்சுகள் வேறு நிறம் காட்டும். ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறினால் அந்தப் பக்கம் பழுது பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல்

"ஸ்பிரிட் வைத்தேன், கரைந்தது, ஷெல்லாக்தான், ஆகவே அசல்!" என்று குதிக்க முடியாது. ஏன்?

நம் ஊர் ஆசாரிகள் மெலமைன் வரும் வரை போட்டதும் அதே பிரெஞ்ச் பாலிஷ்தான்! ஒரு பெட்டி 1915ல் இங்கிலாந்திலிருந்து வந்தது, 1950ல் மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு முன்னால் மறுபாலிஷ் ஆனது என்றால், இரண்டு பூச்சும் ஒரே பொருள். ஸ்பிரிட் சோதனை இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லும். யூ.வி. விளக்கும் ஆரஞ்சுதான் காட்டும். இந்த இரண்டாவது பூச்சுக்கும் இப்போது எழுபது வருடத்துக்கு மேல் வயதாகிவிட்டதால் அதிலும் வெடிப்பு விழுந்திருக்கும்.

இங்கே உதவுவது அழுக்குதான். பழைய மெருகைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு போட்டிருந்தால் இரண்டு படலத்துக்கும் நடுவே தூசியும் எண்ணெயும் சிறைப்பட்டிருக்கும். உடைந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கோடு தெரியக்கூடும். சுரண்டிவிட்டுப் போட்டிருந்தால் மேலே சொன்ன விளிம்பும் செதுக்குக் குழியும் தகட்டின் அடிப்பகுதியும் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் ஒரே அடையாளம் போதாது என்பது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1950ல் ஒரு மதுரை ஆசாரி கையால் போட்ட பிரெஞ்ச் பாலிஷை "போலி" என்று சொல்லிவிட முடியுமா? அது தொழிற்சாலை மெருகு அல்ல, உண்மைதான். ஆனால் அது இந்தப் பெட்டியின் வாழ்க்கையில் நடந்த சம்பவம். அந்த வீட்டுக்காரர்கள் இந்தப் பெட்டியை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஆதாரம். ஆகவே அதற்கு "பழைய மறுமெருகு" என்று தனியாகப் பெயர் வைத்து அப்படியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மூன்றாவது ரகம்: பிறக்கும்போதே பழசு

போலி என்று சொல்ல வேண்டியது வேறு ஒன்றை. பளபளக்கும் பித்தளைக் குழல், எட்டுமூலை அல்லது சதுரப் பெட்டி, அதில் நாய்ப் படம் போட்ட பித்தளைத் தகடு. சுற்றுலா ஊர்களின் கடைகளில் பார்த்திருப்பீர்கள். இவை பல ஆண்டுகளாக இந்தியப் பட்டறைகளிலேயே தயாராகி உலகமெங்கும் போகின்றன. பெட்டி புதுசு, குழல் புதுசு. உள்ளே மட்டும் ஏதாவது பழைய சூட்கேஸ் கிராமபோனிலிருந்து உருவிய மோட்டார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு ஒரு கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இதில் மெருகு அசலா, மறுபாலிஷா என்ற கேள்விக்கே இடமில்லை. ஏனென்றால் மறைக்கப்பட்ட பழைய மெருகே கிடையாது. புது மரத்துக்குக் கரும்பழுப்புச் சாயம் ஏற்றி மேலே வார்னிஷ் அடித்திருப்பார்கள். அடிப்பக்கத்தில் புது பிளைவுட், உள்ளே சாயம் படாத வெளிர் மரம், எங்கும் கை பட்ட தேய்மானம் இல்லை. பித்தளைக் குழல் இருந்தாலே போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஆரம்ப கால அசல் கருவிகளிலும் பித்தளைக் குழல் உண்டு. பெட்டியைத்தான் படிக்க வேண்டும்.

வருத்தம் என்னவென்றால், இந்தப் போலிகள் கூடக் கூட அசல்களும் அடிபடுகின்றன. போலியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கறுத்து வெடித்த அசல் அசிங்கமாகத் தெரிகிறது. "கடையில் பார்த்த மாதிரி" ஆக்கச் சொல்லிப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அசல் போலியைப் போல வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது!

புதுப்பிப்பது தப்பா?

"வெள்ளைக்காரனுக்குத்தான் பழசு அப்படியே இருக்கணும். நம்ம ஊர்ல கோயிலுக்கே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் கும்பாபிஷேகம் பண்ணி வர்ணம் அடிக்கிறோமே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நம் மரபில் புதுப்பிப்பது புண்ணியம். மீனாட்சி கோயில் கோபுரச் சுதைகளின் வர்ணம் ஒவ்வொரு திருப்பணியிலும் புதிது. அதனால் யாரும் கோபுரத்தைப் போலி என்று சொல்வதில்லை.

திருமலை நாயக்கர் மஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். 17ம் நூற்றாண்டில் கட்டியது. பிறகு சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதி பிரிக்கப்பட்டது. சிதைந்து கிடந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். இன்று நிற்பது மூலத்தில் சுமார் கால் பங்குதான் என்கிறார்கள். பழுது பார்த்திருக்காவிட்டால் அந்தக் கால் பங்கும் இருந்திருக்காது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கோபுரத்துக்கு வர்ணம் அடித்தால் எந்த வருடம் கும்பாபிஷேகம் என்று ஊருக்கே தெரியும், கல்லில்கூடப் பொறிக்கிறார்கள். மஹாலில் நேப்பியர் செய்த வேலை புத்தகத்தில் இருக்கிறது. கிராமபோன் பெட்டிக்குக் கல்வெட்டு கிடையாது. அதன் கதை முழுவதும் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. அதைச் சுரண்டினால் பதிவேடு இல்லாத பொருளாகிவிடும்.

இதற்கு அழகான உதாரணம் அந்த நாய்ப் படமே. பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் முதலில் வரைந்தது எடிசன் வகை உருளை போனோகிராபின் முன் உட்கார்ந்திருக்கும் நாயை. 1899ல் கிராமபோன் கம்பெனி அதை வாங்கியபோது, போனோகிராபை மறைத்து அதன் மேல் தங்கள் கிராமபோனை வரையச் சொன்னது. அவரும் வரைந்து கொடுத்தார். பழைய படத்தைச் சுரண்டவில்லை, மேலே பூசினார். அதனால் அந்த ஓவியத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் உள்ள போனோகிராபின் கோடுகள் இன்னும் தெரிகின்றன. உலகத்தின் புகழ்பெற்ற கிராமபோன் படமே ஒரு "மறுபாலிஷ்"தான்! அடியில் இருப்பதை அழிக்காததால் அதன் கதை நமக்குக் கிடைத்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வெடித்த ஷெல்லாக்கைக் காப்பாற்ற முடியும். ஷெல்லாக்கின் பெரிய குணமே அதுதான். எத்தனை வருடமானாலும் ஸ்பிரிட்டில் திரும்பக் கரையும். புதுப் படலம் பழைய படலத்தோடு கலந்து ஒன்றாகும். கைதேர்ந்தவர் வெடிப்புகளை மிகக் குறைந்த ஸ்பிரிட்டால் இளக்கிச் சேர்த்துவிடுவார். மேலே மெல்லிய ஒரு கை பிரெஞ்ச் பாலிஷ் போதும். மெலமைனும் பி.யூ.வும் அப்படியல்ல. ஒருமுறை அடித்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அப்போது மரமும் சேர்ந்து போகும்.

முதலில் உலர்ந்த மென்மையான துணியால் தூசி தட்டினாலே போதும். தண்ணீர் கூடாது, ஷெல்லாக் வெளுத்துவிடும். வேலைக்குக் கொடுக்கும் முன் ஆறு பக்கமும் புகைப்படம் எடுங்கள். முத்திரை, எண் பொறித்த தகடு, உள்ளே ஒட்டிய விற்பனைக் கடைச் சீட்டு எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடிப்பக்கத்தைத் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். செய்த வேலையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அதுதான் அதன் கல்வெட்டு. கரையான் அரித்து, மெருகு முழுக்க உதிர்ந்து, வெறும் மரம் தெரியும் பெட்டிகளுக்கு மறுபாலிஷ் போடுவதில் தவறே இல்லை. அங்கே காப்பாற்ற மெருகே இல்லை, மரத்தையாவது காப்பாற்ற வேண்டும்.

1972ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் பல வகைப் பொருட்களுக்கு நூறு ஆண்டு என்று எல்லை வைத்திருக்கிறது. மதுரைப் பக்கம் வந்த முதல் தலைமுறை கிராமபோன்கள் இப்போது அந்த நூறைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. அதே நேரத்தில் செட்டிநாட்டு வீடுகள் பல பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் பாத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. பொருள் கைமாறும்போது அதன் கதையைச் சொல்லத் தாத்தா பாட்டி கூட வருவதில்லை. கதை சொல்ல அந்தப் பூச்சு மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் வீட்டிலோ ஒரு பாட்டுப் பெட்டி இருந்தால், உப்புத்தாள் வாங்கப் போகும் முன் அதை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷ் எப்போது வேண்டுமானாலும் போடலாம். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.